கோழிக்கோயிலின் நான்காவது வளைவு

காலை பத்து மணி நாற்பது நிமிடம். கோயில் பீடத்துக்குப் பக்கத்து அறையில் மாட்டியிருந்த கடிகாரத்தில், திறந்த கதவு வழியே நான்தான் மணி பார்த்தேன். பதினோரு மணிக்குள் சுண்ணாம்பின் முதல் பூச்சைத் தொடங்கிவிட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், சாயங்காலத்துக்குள் மறுபூச்சும் முடிந்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் உண்டு. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்துத் திரும்புவதற்குள் என் மகள் கத்தினாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மூன்று வருஷம் ஆகிறது. இன்றைக்கும் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏதாவது பிள்ளை சத்தம் போட்டால் என் கையிலிருக்கும் சாக்பீஸ் உடைந்துவிடுகிறது. "உள்ளயே வெச்சிக்கினு கீறியே, எழுதிப் பாரு" என்று என் கணவர் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் கோயிலை முதலில் சொல்ல வேண்டும். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் வந்தால், ஏரிக்கரை முடிகிற இடத்தில் கண்டக்டர் "கோழிக்கோயில் எறங்கு" என்று குரல் கொடுப்பார். மாதா கோயில்தான் அது. மணிக்கூண்டின் உச்சியில், சிலுவைக்கும் மேலே, இரும்பில் செய்த ஒரு சேவல் நிற்கும். காற்றடிக்கிற பக்கம் திரும்பும். எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் இங்கே வந்த பிரெஞ்சுக்கார சாமியார் ஒருவர், தான் பிறந்த கிராமத்துக் கோயிலை நினைவில் வைத்து, அதே மாதிரி இங்கே கட்டினாராம். அவர் ஊரில் எல்லாக் கோயில் உச்சியிலும் சேவல் இருக்குமாம். ஊர்க்காரர்கள் என் கணவரைக் கேலி செய்வார்கள். "இன்னாபா, உங்க சாமிக்குக் கோழிதான் வாகனமா?" அவர் சளைக்காமல், "ஆமா, முருகன்கிட்ட இரவல் வாங்கினு வந்தோம். திருப்பிக் கேட்டா குடுத்துடுவோம்" என்பார்.

கூரை செங்குத்தாக இறங்கும். மேலே பனி கட்டி நிற்காமல் சறுக்கி விழட்டும் என்று அந்த தேசத்தில் அப்படிக் கட்டுவார்களாம். எங்கள் ஊரில் அதிலிருந்து சறுக்கி விழுந்தவை நாட்டு ஓடுகள்தான். ஐப்பசியில் பூசை நடக்கும்போது மேலே ஓடு நகர்கிற சத்தம் கேட்டால், கீழே உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பிள்ளைகளை இழுத்து மடியில் போட்டுக்கொள்வோம்.

உள்ளே இரண்டு வரிசைத் தூண்கள். தூணுக்குத் தூண் வளைவு, பக்கத்துக்கு ஐந்தாக மொத்தம் பத்து. வட்டமான வளைவு கிடையாது. கை கூப்பினால் விரல் நுனிகள் சேருமே, அப்படி மேலே கூர்ந்து முடியும். ஒவ்வொரு கூர்முனையிலும் சுதையில் செய்த ஒரு சம்மனசின், அதாவது தேவதூதனின், தலை, தலைக்கு இரண்டு பக்கமும் சிறகு, உடம்பு இல்லை. அந்தச் சாமியார் ஊர்க் கோயில் கல்லால் கட்டியது. இங்கே அவருக்குக் கிடைத்தது செங்கல். அதனால் தூண்களின் மேல் சுண்ணாம்பு பூசி, கடுக்காய்த் தண்ணீர் விட்டு வழவழப்பாக இழைத்து, காவி நிறத்தில் கோடு போட்டுக் கல் அடுக்கியது போலக் காட்டியிருந்தார். ஊருக்கு ஊர் கருங்கல் கோயில் இருக்கிற பக்கத்தில், நாங்கள் மட்டும் கல் மாதிரி கோடு போட்ட தூணில் சாய்ந்துகொண்டு ஜெபமாலை சொன்னோம்.

கோயிலுக்கு வருஷா வருஷம் மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பு வெள்ளை அடிப்போம். கூலிக்கு ஆள் வைக்க மாட்டோம். ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு வளைவு உண்டு. இடதுபக்கம் நான்காவது எங்களுடையது. அந்த வருஷம் அந்த வகையறாவில் எந்தப் பிள்ளை புதுநன்மை வாங்கியதோ, அது பீடத்தின் முன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய பிள்ளை என்பதால், அதன் கையால்தான் முதல் மட்டை போட வேண்டும். பனைமட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷைத்தான் மட்டை என்போம். அந்தப் பிள்ளை வளைவின் காலடியில் ஒரே ஒரு தடவை இழுத்தால் போதும், மற்றதைப் பெரியவர்கள் முடிப்பார்கள். எங்கள் வகையறாவில் அந்த வருஷம் புதுநன்மை வாங்கியது என் மகள் ஒருத்திதான். ஒரு வாரமாக வீட்டுச் சுவரில் தண்ணீர் தொட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். "மேலேர்ந்து கீழயா, கீழேர்ந்து மேலயா?" என்று சாப்பிடும்போதுகூடக் கேட்டாள்.

சுண்ணாம்பு செவ்வாய்க்கிழமைதான் வந்தது. கோயிலுக்குப் பின்னால் குழியில் கொட்டித் தண்ணீர் விட்டபோது அது கொதித்துப் புகைந்ததைத் தெருவே நின்று பார்த்தது. வியாழக்கிழமை காலையில் கொத்தனார் கழியை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"டீச்சரம்மா, உள்ள இன்னும் கல்லு கல்லா கீது. சனிக்கெழம வரைக்கும் ஊறட்டும்."

"சனிக்கிழமை எனக்கு டிரெயினிங் போட்டிருக்காங்க. நாளைக்கு ஸ்கூல். இன்னைக்கு லோக்கல் ஹாலிடே, இதை விட்டா எனக்கு நாளே இல்ல."

"சுண்ணாம்புக்கு உங்க டைம்டேபிள் இன்னா தெரியும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வடிகட்டிட்டா சரியாப் போயிடும் இல்ல?"

"ரெண்டு தபா கட்டணும்."

ஒரு தடவை, அங்கங்கே கிழிந்த பழைய புடவைத் துணியில் வடிகட்டினார்கள். நேரம் ஆகிறது, போதும் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சு இருக்காது. எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் முடித்து, டிரெயினிங் முடித்து, அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் நான். மாத்திரைச் சீட்டைப் படிக்க, மனு எழுத, பிள்ளைக்கு ஜுரம் எத்தனை டிகிரி என்று பார்க்க என்னிடம்தான் வருவார்கள். "டீச்சரக்காவக் கேளு" என்பது அங்கே முடிவான வார்த்தை.

சாமியாருக்கு உதவியாகக் கோயிலில் இருக்கும் உபதேசியார் ஜெபம் சொன்னார். என் கணவரும் இன்னொருவரும் சாரத்தின் மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் வாளிக்கு முன்னால் குந்தினாள். மட்டையை உள்ளே விட்டு, கொத்தனார் கிளறியதைப் பார்த்திருந்தாளே, அதே மாதிரி நன்றாகக் கிளறினாள். அடியில் வேகாமல் தங்கியிருந்த ஒரு கட்டி அந்தக் கிளறலில் உடைந்து, தண்ணீர் பட்டு வெடித்தது. நான் கடிகாரத்திலிருந்து திரும்பியபோது புருவத்திலிருந்து தாடைவரை அவள் முகம் வெள்ளையாக இருந்தது.

"அம்மா, கண்ணு! கண்ணுல பூந்துடுச்சி! அம்மா!"

பக்கத்தில், சுண்ணாம்பு கரைக்கத் தண்ணீர் கொண்டு வந்த பெண் நின்றிருந்தாள். எங்கள் தெருக்காரி, கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவள், எனக்குத் தங்கை முறை. இடுப்பில் அலுமினியக் குடம் நிறையத் தண்ணீர். பாய்ந்து வந்தாள். ஒரு கையால் என் மகளின் தலையைச் சாய்த்து, குடத்தைத் தூக்கிக் கவிழ்க்கப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஊத்தாத! தண்ணி பட்டா வெந்துடும்!"

"புள்ள துடிக்குதுக்கா!"

"சுண்ணாம்புடீ அது! குழியில எப்படிக் கொதிச்சதுன்னு பாத்தே இல்ல? கண்ணு வெந்துடும்!"

பின்னாலிருந்து யாரோ, "டீச்சரக்கா சொல்றாங்க இல்ல, எறக்கி வைம்மே" என்றார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடத்தைத் தரையில் வைத்தாள்.

நான் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ஒவ்வொரு வருஷமும் ஒரு தகர டப்பாவில் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைப் போட்டுத் தண்ணீர் விட்டு, அதற்குள் ஒரு முட்டையை வைப்பேன். பத்து நிமிஷத்தில் முட்டை வெந்துவிடும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். 'சுட்ட சுண்ணாம்பு நீருடன் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஒரு வருஷம் அந்த முட்டையை என் மகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் வெள்ளையைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது அந்த முட்டைதான். தெருக்காரர்களும் செவ்வாய்க்கிழமை குழி கொதித்ததைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

புடவைத் தலைப்பால் துடைத்தேன். விளக்கெண்ணெய் கொண்டு வரச் சொல்லி இமையைப் பிரித்து விட்டேன். என் கணவர் சாரத்திலிருந்து குதித்து, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வேலை பார்க்கும் ரைஸ் மில்லுக்கு ஓடினார், முதலாளியின் காரைக் கேட்க. கார் வரும்வரை அவளை நான்காவது வளைவின் கீழே மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கைக்கெட்டும் தூரத்தில் அந்தக் குடம் இருந்தது.

காரில் போகும்போது அவள் கேட்டாள். "அம்மா, கொஞ்சூண்டு தண்ணி தொட்டு வையேன்."

"கூடாது கண்ணு."

"ஈரத்துணியாவது போடும்மா."

"கூடாதுடா, பொறுத்துக்கோ. ஆஸ்பத்திரி வந்துடும்."

அவள் பொறுத்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். என் புடவை மடிப்பை வாயில் கடித்துக்கொண்டு உத்திரமேரூர் வரைக்கும் வந்தாள்.

உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில்தான் முதலில் நிறுத்தினோம். டாக்டர் உள்ளே ஒரு பிரசவத்தில் இருந்தார். வயதான நர்ஸ் ஒருவர் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். "சுண்ணாம்பா?" என்றார். ஆமாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவளைத் தூக்கிக்கொண்டு போய், பாத்திரம் கழுவுகிற தொட்டியின் மேல் தலையைச் சாய்த்துக் குழாயைத் திறந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க சிஸ்டர்!" என்று கத்திக்கொண்டு நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்தம்மாவ வெளிய கூட்டினு போ" என்று என் கணவரிடம் சொன்னார்.

நான் வெளியே போகவில்லை, சுவரோரம் நின்றேன். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் தண்ணீரை ஓடவிட்டார். தொட்டியில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் என் மகளின் கால் உதறுவது நின்றது.

"சில்லுனு கீதும்மா," என்றாள்.

அந்தச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருந்தது. பன்னிரண்டரை. ஒரு மணி ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அதே காரில் சென்னையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு இளம் டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் போகும்போதே அந்தச் சுண்ணாம்பு சூட்டையெல்லாம் விட்டு முடித்திருக்கும், அதற்குப் பிறகு அது அங்கேயே ஒட்டிக்கொண்டு அரிக்கிற வேலைதான் செய்யும், அதை வெளியேற்றத் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை, குடம் குடமாக ஊற்றியிருந்தாலும் கெடுதல் இல்லை என்றார்.

"சுண்ணாம்புல தண்ணி பட்டா சூடாகும்னு…" என்று இழுத்தேன்.

"நீங்க படிச்சவங்களா?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"தமிழ்," என்றேன்.

இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டார்கள். தினம் கட்டை அவிழ்த்து மருந்து விட்டுத் திரும்பக் கட்டுவார்கள். பார்வை எந்த மட்டில் நிற்கும் என்று பெரிய டாக்டரம்மா வந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அவர் வெளியூர் போயிருந்தார், வர பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை தூக்கம் வராமல் அவள் கட்டிலின் கீழே பாயில் உட்கார்ந்து, அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சுக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

கொடியேற்ற நாள் சாயங்காலம் அவளாகவே கேட்டாள். "இப்ப கொடி ஏத்தினு இருப்பாங்க இல்லம்மா?"

"ஆமா."

"கோயில் சொல்லு."

"கோயில் என்னத்தச் சொல்றது?"

"கதவுலேர்ந்து சொல்லு. நான் உள்ள நடந்து வர மாதிரி."

சொன்னேன். பெரிய கதவு, அதன் இரும்புக் கீல். உள்ளே வந்து திரும்பினால் கதவுக்கு மேலே வட்டமான கலர் கண்ணாடி சன்னல், பூ மாதிரி எட்டு இதழ் என்றேன்.

"பன்னண்டும்மா," என்றாள். "ஒம்போதுதான் கலர் கண்ணாடி. ரெண்டு ஒடஞ்சி வெறும் கண்ணாடி போட்டாங்க. ஒண்ணுல தகரம்."

"தகரமா?"

"சைக்கிள் கட தகரம். வெயில் அடிச்சா அதுல பாதி எழுத்து தெரியும். நீ பாத்ததே இல்லியா?"

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கோயிலில் உட்கார்ந்தவள். பூசை முழுவதும் எந்தப் பிள்ளை எழுந்து ஓடுகிறது, எந்த ஓடு நகர்கிறது, அடுப்பைச் சரியாக அணைத்தேனா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலில் கண்புரை ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா படுத்திருந்தார். வியாசர்பாடிக்காரர். "இன்னா கோயில் பாப்பா அது, மெட்ராஸ்லயா?" என்றார்.

"உத்திரமேரூர்கிட்ட. கோழிக்கோயிலு."

"கோழி இன்னாத்துக்குக் கோயில் மேல?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டும். அது வடக்கப் பாத்து நின்னா எங்க நைனா மில்லுல நெல்லு காயப் போட மாட்டாரு, மழ வரும்."

"சரி, மேல சொல்லு, மேல சொல்லு."

அதற்குப் பிறகு சொன்னது அவள்தான். வளைவுகளுக்கு மேலே கூரைக்கு அடியில் நீல நிறம் பூசி, பொன் நிறத்தில் நட்சத்திரம் போட்டிருப்பதைச் சொன்னாள். எங்கள் வளைவுக்கு நேர் மேலே மட்டும் நாற்பத்தேழு. "எப்ப எண்ணினே?" என்றேன். "பிரசங்கத்துல" என்றாள். அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். நட்சத்திரங்களுக்கு எட்டு முனை, ஆனால் பீடத்துக்குப் பக்கத்தில் போகப் போக ஆறு முனையாகிவிடும், வரைந்தவருக்குக் கை வலித்திருக்கும் என்றாள். பீடத்துக்குப் பின்னால் செதுக்கியிருக்கும் கொடியில் நாங்கள் எல்லோரும் பாகற்கொடி என்று நினைத்திருந்தது திராட்சைக் கொடி, இப்போதிருக்கிற சாமியாரே அவளிடம் சொன்னாராம். கலர் கண்ணாடிக்குக் கீழே பிரெஞ்சில் ஒரு வரி எழுதியிருக்கிறது, அதில் 'ஏ' என்கிற எழுத்துக்கு மேலே தொப்பி இருக்கிறது என்றாள். சம்மனசுகளுக்கெல்லாம் வருஷா வருஷம் சுண்ணாம்பு பூசிப் பூசி மூக்கு பெருத்துவிட்டது.

"உபதேசியார் மூக்கு மாதிரி," என்றாள்.

"வாயை மூடு," என்றேன். அடித்தொண்டையிலிருந்து எனக்கே சிரிப்பு வந்தது. அவள் கண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்ததால் நான் சிரித்த பிறகு என்ன செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வளைவு வெள்ள அடிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் போய் மறுநாள் திரும்பிய என் கணவர்தான் சொன்னார். மற்ற ஒன்பதும் முடிந்துவிட்டன. எங்கள் வகையறா ஆண்கள் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை வந்து முதல் மட்டை போடாமல் தொட மாட்டோம் என்று சாமியாரிடமே சொல்லிவிட்டார்களாம். திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் அழுக்காக நின்ற அந்த ஒரு வளைவைக் காட்டி என்ன ஏது என்று கேட்டார்களாம்.

"நான் போடலன்னா அப்படியே கெடக்குமா நைனா?"

"நீ போடாம வேற யாரு போடறது? சீக்கிரம் வா."

"வந்தா கண்ணு தெரியணுமே எனக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளர் கழுவுகிற சாக்கில் வராந்தாவுக்குப் போய்விட்டேன். வராந்தாக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அது ஓடுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள்.

அவர் அந்தத் தடவை ஊரில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். தண்ணீர்தான் ஊற்றியிருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மறைக்கவில்லை. "இன்னொரு வூட்டுப் புள்ளைக்கு இப்படி ஆவக் கூடாது பாரு," என்றார். "யாரு தடுத்ததுன்னு கேட்டாங்களா?" என்றேன். "அதான் எல்லாருமே அங்க இருந்தாங்களே," என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பெரிய டாக்டரம்மா வந்தார். கூட ஏழெட்டு மாணவர்கள். கட்டை அவரே அவிழ்த்தார். முதலில் வலது கண்ணைத் திறக்கச் சொன்னார். அவள் மெதுவாகத் திறந்தாள். கண் இரத்தச் சிவப்பாக இருந்தது. அவர் கையை நீட்டி, "எத்தனை விரல்?" என்றார்.

"மூணு."

"இப்ப?"

"அஞ்சு. மோதிரம் போட்டுக்கினு கீறீங்க."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணைத் திறக்கச் சொன்னார். அது பால் ஊற்றியது போல இருந்தது. டார்ச் லைட்டை அதன் முன்னால் கொண்டு போனார், பக்கவாட்டில் கொண்டு போனார், அணைத்து அணைத்துப் போட்டார்.

"ஏதாவது தெரியுதா?"

"இல்ல."

"வெளிச்சம்?"

அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள், நான் ஏதோ சொல்லித் தருவேன் என்பது போல. "லைட்டப் போட்டுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா டார்ச்சைப் பையில் வைத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்து, வலது கண் நன்றாகத் தேறிவிடும், படிக்கலாம், எழுதலாம், இடது கண்ணில் இனி எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்று தமிழில் சொன்னார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். முதல் ஐந்து நிமிஷத்தில் கழுவியிருந்தால் இரண்டு கண்ணும் முழுசாக நின்றிருக்கும் என்றார். எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார், நல்ல மனசுள்ள மனுஷி. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். வார்டு வாசலில் அந்தச் சித்தாள் பெண் நின்றிருந்தாள். அதற்கு முன் அவள் தனியாகச் சென்னைக்கு வந்ததில்லை. உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு, அங்கிருந்து ரயில், பிறகு ஆளாளுக்கு வழி கேட்டு வந்திருக்கிறாள். காலில் செருப்பு இல்லை. ஒயர் கூடையில் கொழுக்கட்டையும் நாலு கொய்யாவும் வைத்திருந்தாள்.

என் மகள் ஒரு கண்ணால் அவளைக் கண்டுபிடித்துவிட்டாள். "சித்தி, கொய்யா பழுத்ததா, காயா?"

"ஒனக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத் தெரியாதா? செங்காயிதான்," என்று சொல்லிக்கொண்டே வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் காலைத் தடவிக் கொடுத்தாள். கட்டுப் போட்டிருந்த இடது கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே விஷயம் இருந்திருக்கும்.

நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு நாளாக அவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படித் தொடங்குவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பில் வெடித்த அவள் விரல்கள் சொரசொரவென்று இருந்தன. அழுதுகொண்டே சொன்னாள்:

"எம்மேலதான்க்கா தப்பு. நீங்க பெத்தவங்க, பதட்டத்துல கையப் புடிச்சீங்க. நான் ஒதறிட்டு ஊத்தியிருக்கணும்."